காற்றில் கலந்த நஞ்சும் கணத்தில் காட்டும் ஒளியும்

பங்குத் திருவிழாவின் நிறைவு இரவில், தேர்பவனி முடிந்து வானில் வாணங்கள் வெடித்துச் சிதறும் காட்சியைக் கண்டு களிக்காதவர் நம்மில் யார்? சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ப் பொழியும் அந்த ஒளிமழைக்குச் சாயப்பொடியே காரணம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அவை உலோகங்களின் நிறங்கள். ஸ்ட்ரான்சியம் என்னும் உலோகத்தின் உப்பு எரியுங்கால் செந்நிறம் தரும். பேரியம் பச்சை தரும். செம்பு நீலம் தரும். இதற்காக வானத்தை அண்ணாந்து பார்க்கவும் வேண்டுவதில்லை. அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து சுடரில் பட்டதும், அச்சுடர் ஒரு நொடி மஞ்சளாக மாறுவதை இல்லத்தரசியர் அடிக்கடி கண்டிருப்பர். அது உப்பில் அடங்கிய சோடியத்தின் நிறம்.

ஒவ்வொரு தனிமமும் மிகுந்த வெப்பத்தை அடையும்போது தனக்கே உரிய நிறங்களில் ஒளிர்கிறது. இந்த எளிய உண்மையைக் கொண்டு, நாம் மூச்சோடு உள்ளிழுக்கும் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நச்சு உலோகங்களைக் கண்டறியும் முறை ஒன்றை விஞ்ஞானிகள் வகுத்துள்ளனர். லேசர் ஒளியால் காற்றில் ஒரு சிறு மின்னலை உண்டாக்கி, அதன் நிறங்களைப் படித்தறியும் முறை அது. அத்தகைய முறைக்குத் தேவை ஏன் எழுந்தது, அது எவ்வாறு இயங்குகிறது, அதனால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பனவற்றை இம்மாதம் சிந்திப்போம்.

தூசிக்குள் உறையும் உலோகம்

உலோகம் என்றவுடன் கனமான பொருள் என்றே நாம் நினைக்கிறோம். அது எவ்வாறு காற்றில் மிதக்கும்? மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான் எனப்படும். இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் எளிதில் தரையில் படிவதில்லை. மூக்கின் மயிர்களும் தொண்டையின் ஈரமும் அவற்றை முழுவதும் தடுக்க மாட்டா. அவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. உலோகம் உருகி ஆவியாகிக் குளிரும் இடங்களில் பிறப்பவை பெரும்பாலும் இத்தகைய நுண்துகள்களே. உருக்காலை, பற்றவைப்புப் பட்டறை, நிலக்கரி எரியும் உலை, குப்பை எரிக்கும் உலை, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஆகிய யாவும் இவற்றின் பிறப்பிடங்கள்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இரத்தத்தில் தீங்கற்ற அளவு என்று சொல்லத்தக்க ஈயத்தின் அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துருப்பிடியா எஃகைப் பற்றவைக்கும்போது எழும் ஒருவகைக் குரோமியம் நுரையீரல் புற்றுநோய்க்கு வழிகோலும். மாங்கனீசு நரம்புகளைத் தாக்கும்.

செனகல் நாட்டுத் தலைநகரான தக்காரின் புறநகர்ப் பகுதியில் 2007ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் 18 குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். அங்கு ஏழை மக்கள் பழைய பேட்டரிகளின் ஈயம் கலந்த மண்ணைச் சலித்து விற்று வந்தனர். பிழைப்பைத் தந்த தூசியே குழந்தைகளின் உயிரைக் குடித்தது. செல்வம் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கு அல்ல. பாரிசு நகரின் நோத்ர் தாம் மாதா பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றியபோது, கூரையிலும் கோபுரத்திலும் வேயப்பட்டிருந்த 400 டன்னுக்கு மேற்பட்ட ஈயம் தீயில் சிக்கிற்று. அதன் ஒரு பகுதி தூசியாகி நகரின் மீது படிந்தது. சுற்றுப்புறத்துக் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அறிவுரை தரப்பட்டது. ஈயத்தின் பொருட்டே அவ்வாண்டு ஜூலை இறுதியில் சீரமைப்பு வேலைகளும் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டதை உலகமே கண்டு மகிழ்ந்தது. இடையில் அத்தொழிலாளர்கள் ஈயத்தோடு நடத்திய போராட்டத்தை அறிந்தோர் சிலரே.

வாடகைக் காரில் பிறந்த அளவு

இம்முறையின் தேவையை விளக்கப் பெரிலியத்தின் வரலாறு ஒன்றே போதும். எஃகினும் இலேசானதும் மிகுந்த உறுதி உடையதுமான உலோகம் பெரிலியம். 2021ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடித் துண்டுகளும் பெரிலியத்தால் ஆனவை. திடப்பொருளாக இருக்கும்வரை அதனால் ஊறில்லை. தூசியாகிவிட்டாலோ அது கொடிய நஞ்சு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில், குழல்விளக்குத் தொழிற்சாலையில் பணியாற்றிய இளம்பெண்கள் பலர் மூச்சுத்திணறலும் உடல்மெலிவும் கண்டு வாடினர். அக்காலக் குழல்விளக்குகளின் உட்பூச்சில் பெரிலியம் இருந்தது. ஹேரியட் ஹார்டி என்னும் பெண் மருத்துவர் இந்நோயைத் துருவி ஆராய்ந்து, பெரிலியத் தூசியால் விளைந்த நோய் இது என 1946ஆம் ஆண்டு வெளியிட்டார். வேலையை விட்டுச் சென்ற பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நோய் தலைகாட்டக்கூடும் என்பதே இதன் கொடுமை. ஒரே தூசியைச் சுவாசித்த பலருள் சிலருடைய உடல் மட்டுமே அதற்கு எதிராகக் கிளர்ந்து, நுரையீரலில் சிறு முடிச்சுகளை உண்டாக்கிக் கொள்கிறது. யார் அந்தச் சிலர் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

ஒகையோ மாநிலத்து லொரெய்ன் நகரில் இதனினும் வருந்தத்தக்க செய்தி வெளிப்பட்டது. அங்கிருந்த பெரிலிய ஆலையினுள் ஒருநாளும் கால் வைக்காத அண்டை வீட்டாருக்கும் இந்நோய் கண்டது. சிலர் ஆலையின் புகைபோக்கியிலிருந்து வந்த காற்றைச் சுவாசித்தவர்கள். ஆலைத்தொழிலாளரின் ஆடைகளில் ஒட்டிவந்த தூசியும் வீட்டிலிருந்தோருக்கு நோயைக் கொணர்ந்தது. குடும்பத்துக்காக உழைக்கச் சென்றவர், தம்மை அறியாமலே நஞ்சை வீட்டுக்குள் சுமந்து வந்தார்.

ஆலையின் காற்றில் எவ்வளவு பெரிலியம் வரை இருக்கலாம் என்று வரையறுக்க வேண்டிய பொறுப்பு அமெரிக்க அணுசக்தி ஆணையத்தைச் சேர்ந்த மெரில் ஐசன்பட் என்பவருக்கும் வில்லார்ட் மாக்கிள் என்னும் மருத்துவருக்கும் வந்தது. போதிய ஆய்வுகள் அப்போது இல்லை. 1948ஆம் ஆண்டில் ஒருநாள் இருவரும் வாடகைக் காரில் செல்லுகையில் ஒரு கணக்குப் போட்டனர். ஈயம், பாதரசம் போன்ற கன உலோகங்களுக்கு அன்று ஏற்கப்பட்ட அளவு ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். பெரிலியத்தின் அணு அவற்றினும் இருபது மடங்கு இலேசானது. ஆகவே 100ஐ 20ஆல் வகுத்து 5 என்றனர். எச்சரிக்கைக்காக மேலும் குறைத்து 2 மைக்ரோகிராம் என்று முடிவு செய்தனர். வாடகைக் காரில் பிறந்த இவ்வளவு 1949ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்து, ஏறத்தாழ 70 ஆண்டுகள் நின்று நிலவியது. அந்த அளவுக்கு உட்பட்டு உழைத்தவர்களும் நோயுற்றனர் என்று தெரியவந்த பிறகும், 2017ஆம் ஆண்டில்தான் அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறை அதனைப் பத்தில் ஒரு பங்காக, 0.2 மைக்ரோகிராமாகக் குறைத்து ஆணையிட்டது.

இந்த அளவு எத்துணைச் சிறியது? உழைக்கும் மனிதர் எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கனமீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். புதிய வரம்பின்படி அவர் உடலுக்குள் ஒரு வேலைநாளில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் செல்லக் கூடாது. தூள் உப்பின் ஒரே ஒரு மணி ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் எடையுள்ளது. அந்த ஒரு மணியை முப்பது பங்கிட்டு, நாளுக்கு ஒரு பங்கு என்று கொள்க. அதுவே எல்லை! இவ்வளவு நுண்ணிய பொருளை யார் கண்டறிவது?

பின்னர் வரும் விடை

நெடுங்காலமாக வழங்கிவரும் முறை இது. தொழிலாளியின் சட்டைக் கழுத்தருகே ஒரு சிறு வடிகட்டியைப் பொருத்தி, இடுப்பில் கட்டிய சிறு பம்பு அதன் வழியே காற்றை இழுக்குமாறு செய்வர். வேலை முடிந்ததும் வடிகட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். அங்கே அமிலத்தில் கரைத்து, உலோகத்தின் அளவைக் கணிப்பர். முறை செம்மையானதே, அதன் துல்லியத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் விடை வருவதற்குள் நாட்கள் கடந்துவிடும். திங்களன்று சுவாசித்தது நஞ்சா என்பதை வெள்ளியன்று அறிவதால், திங்களன்று சுவாசித்தவருக்கு என்ன பயன்? காற்றாடி பழுதுபட்டதோ, குழாய் கசிந்ததோ, அந்தக் கணமே தெரிந்தால் அன்றோ அவர் வெளியேறிப் பிழைக்கலாம்? இக்குறையை நீக்கவே விஞ்ஞானிகள் ஒளியின் துணையை நாடினர்.

ஒளியின் எழுத்து

ஒளியைப் படித்துப் பொருளை அறியும் கலையை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 1859ஆம் ஆண்டையொட்டி நிறுவியவர்கள் பன்சன், கிர்க்காஃப் என்னும் இரு அறிஞர்கள். சுடரின் ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்து நோக்கியபோது, ஒவ்வொரு தனிமமும் குறித்த சில இடங்களில் மட்டும் ஒளிக்கோடுகளைக் காட்டுவதை அவர்கள் உறுதி செய்தனர். நம் கைரேகை நம்மைக் காட்டிக்கொடுப்பது போல், இக்கோடுகள் தனிமத்தைக் காட்டிக்கொடுக்கும். மான்ஹைம் நகரில் ஓர் இரவு எழுந்த தீயைப் பல மைல்களுக்கு அப்பாலிருந்து தம் கருவியால் நோக்கிய அவ்விருவரும், அத்தீயில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் எரிவதைக் கண்டுகொண்டனர் என்று சொல்லுவர்.

ரோமாபுரியில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேல் வானாய்வுக்கூடம் அமைத்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி, இதே கலையைக் கொண்டு ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஆராய்ந்து, 1860களில் அவற்றை வகைப்படுத்தினார். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில், 1868 ஆகஸ்ட் 18 அன்று நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு வானியலார் ஜான்சன் சூரியனின் விளிம்பில் எழும் கொழுந்துகளின் ஒளியைப் பிரித்து நோக்கினார். அதே ஆண்டில் சூரிய ஒளியில் காணப்பட்ட புதிய மஞ்சள் கோடு ஒன்றே ஹீலியம் என்னும் தனிமத்தின் முதல் அறிகுறி. மண்ணுலகில் அது கைக்குக் கிடைத்தது 1895ஆம் ஆண்டில்தான்.

லேசர் மூட்டும் சிறு மின்னல்

அடுப்புச் சுடரின் வெப்பம் எல்லா உலோகங்களையும் ஒளிரச் செய்யப் போதாது. 1960 மே 16 அன்று தியோடர் மைமன் என்பவர் கலிபோர்னியாவில் முதல் லேசர் ஒளியை உண்டாக்கியபின் இத்தடை நீங்கிற்று. லேசர் ஒளி சிதறிப் பரவாமல் ஒருமுகமாய்ச் செல்வது. அதனை ஒரு லென்சினால் ஊசிமுனை அளவுள்ள இடத்தில் குவிக்கலாம். இம்முறையில் பயன்படும் ஒரு லேசர் துடிப்பின் ஆற்றல் மிகச் சிறிது. 100 கிராம் எடைக்கல்லை அரைச்சாண் உயரம் தூக்க வேண்டிய ஆற்றல்தான். ஆயின் அவ்வாற்றல் முழுவதும், ஒரு வினாடியை நூறு கோடி பங்காக்கினால் அவற்றுள் சில பங்கே ஆன நேரத்துக்குள், ஊசிமுனையில் வந்து பாய்கிறது. காற்றே பிளந்து சிறு மின்னல் போல் வெடிக்கிறது. அதன் வெப்பம் பத்தாயிரம் பாகையைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பு வெப்பமும் அதற்கு ஈடாகாது. அவ்விடத்தில் அகப்பட்ட தூசித்துகள் ஆவியாகி, அதன் அணுக்கள் தனித்தனியே பிரிந்து ஒளிர்கின்றன.

முதற் கணத்தில் எழுவது எல்லா நிறமும் கலந்த வெண்மையான ஒளி. அதில் எதையும் படிக்க இயலாது. ஆகவே கருவி சற்றுக் காத்திருக்கிறது. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கே அந்தக் காத்திருப்பு. வெண்மை தணிந்ததும் தனிமங்களின் கோடுகள் தெளிவாகத் தோன்றுகின்றன. ஒளியலையின் நீளத்தை நானோமீட்டர் என்னும் அளவால் குறிப்பர். 405.8இல் கோடு தெரிந்தால் ஈயம், 425.4இல் தெரிந்தால் குரோமியம், 228.8இல் தெரிந்தால் காட்மியம். 313இல் இரட்டைக் கோடு தெரிந்தால் பெரிலியம். கோட்டின் ஒளிர்வு எவ்வளவோ, அதைக்கொண்டு உலோகத்தின் அளவைக் கணிக்கலாம். அமிலம் வேண்டா, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டா. சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ராட்ஜியெம்ஸ்கி, கிரெமர்ஸ் என்னும் விஞ்ஞானிகளும் அவர்தம் குழுவினரும், காற்றில் பெரிலியத்தைக் கண்டறிய இம்முறை ஏற்றது என்று 1983ஆம் ஆண்டில் நிறுவினர். பெரிலியம் பெருமளவில் கையாளப்பட்ட அவ்விடத்திலேயே அதனைக் காட்டிக்கொடுக்கும் முறையும் உருவானது பொருத்தமே. 1990களில் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தின் டேவிட் ஹான் குழுவினர், குப்பை எரிக்கும் உலைகளின் புகைபோக்கியில் நச்சு உலோகங்களை இடைவிடாது கண்காணிக்க இதனைப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தனர். செவ்வாய்க் கோளில் 2012ஆம் ஆண்டில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி பாறைகளின் இயல்பை அறிவதும் இதே லேசர் மின்னலால்தான். சந்திரயான் 3 திட்டத்தில் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய நம் நாட்டுப் பிரக்யான் ஊர்தியும் இத்தகைய கருவியைக் கொண்டு, நிலவின் தென்துருவத்தை அடுத்த மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது நமக்குப் பெருமை.

இம்முறையின் எல்லைகள்

இதனைக் குறையற்ற கருவி என்று புகழ்வதும் தவறாகும். லேசர் மின்னல் தோன்றும் இடம் மிகச் சிறியது. காற்றில் துகள்களோ இங்கொன்றும் அங்கொன்றுமாக மிதப்பவை. ஆதலால் பெரும்பாலான துடிப்புகள் வெறுங்காற்றையே தாக்கும். ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் செலுத்தி, உலோகக் கோடு தெரிந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் கணக்கிட வேண்டும். அல்லது தூசியை முதலில் வடிகட்டியில் சேர்த்து, பின்பு அதன்மீது லேசரைச் செலுத்த வேண்டும். பெரிய துகள்கள் முழுவதும் ஆவியாவதில்லை. அவற்றின் அளவு குறைவாகவே தெரியும். பெரிலியத்தை எளிதில் காட்டும் இக்கருவி, ஆர்செனிக்கு, பாதரசம் ஆகியவற்றை அத்துணை எளிதில் காட்டுவதில்லை.

மற்றொரு குறையும் உண்டு. குரோமியத்தில் ஒரு வகை உடலுக்குப் பெரும் தீங்கற்றது. மற்றொரு வகை புற்றுநோய் தருவது. மின்னலின் வெப்பத்தில் இரண்டும் ஒரே குரோமிய அணுவாகப் பிரிந்துவிடுவதால், வந்தது எவ்வகை என்பதை இவ்வொளி சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். ஆகவே பழைய முறையும் புதிய முறையும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கத்தக்கவை. புதியது உடனே எச்சரிக்கும். பழையது உறுதியாகச் சொல்லும்.

அறிந்த பின் செய்ய வேண்டியது

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட காற்றுத்தர விதிகள், ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் நிக்கலுக்கும் எல்லை வகுத்துள்ளன. ஈயத்தின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டரில் அரை மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. மனம் வைத்தால் காற்றைத் தூய்மையாக்க இயலும் என்பதற்கு இது சான்று. எனினும் பெட்ரோல் தீங்கானது என்று தெரிந்த நாளுக்கும் அது நின்ற நாளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்தன. பெரிலியத்தின் கதையும் அதுவே. கருவி இல்லாத குறையினும், கருவி சொன்னதைக் கேளாத குறையே பெரிது.

விலையுயர்ந்த லேசர் கருவி நம் தெருப் பட்டறைக்கு நாளையே வந்துவிடப் போவதில்லை. அது வரும்வரை நாம் செய்யக் கூடியவை பல. பற்றவைப்பு, பேட்டரி, வண்ணப்பூச்சு, உலோக வார்ப்பு ஆகிய தொழில்களில் உள்ளோர், வேலை ஆடையை வேலையிடத்திலேயே களைந்து, கைகால் கழுவி வீடு திரும்புதல் நலம். அவ்வாடையை வீட்டுக்குக் கொணர நேர்ந்தால், உதறாமல் நேரே நீரில் நனைத்து, குழந்தைகளின் துணிகளோடு சேராமல் தனியே துவைக்க வேண்டும். உலோகத் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது மீண்டும் காற்றில் எழும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைப்பதும், செம்புக்காக மின்கம்பிகளை எரிப்பதும் அறவே விலக்கத்தக்கவை. மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

நம் பங்குகளில் பட்டறை வைத்திருப்போரும் உள்ளனர். அங்கே கூலிக்கு உழைக்கும் இளைஞரும் உள்ளனர். இருசாராரும் ஒரே ஆலயத்தில் அருகருகே முழந்தாளிடுகின்றனர். காற்றோட்டத்துக்கு ஒரு சாளரம், புகையை இழுக்க ஓர் இயந்திரம், தக்க முகக்கவசம் ஆகியவற்றுக்காக முதலாளி செலவிடும் பணம், தம் அயலாரின் மூச்சுக்காகச் செலவிடும் பணம். பத்தாண்டுகளுக்குப் பின் தோன்றும் நோய்க்கு அப்போது எந்தக் கருவியும் மருந்தாகாது. தூசி எழும் இன்றே அதனைத் தடுக்க நம்மால் இயலும்.